மூடியில்லாத கேன்

மார்கழி பிறந்துவிட்டால் பிலோமி வலது கையில் ஒரு சாக்ஸை மாட்டிக்கொள்வாள். ஆண்கள் ஷூவுக்குள் போடுகிற சாம்பல் நிற சாக்ஸ். அந்தக் கையோடுதான் விடிந்ததும் பால் சொசைட்டியில் உட்கார்ந்து பால் அளப்பாள். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் குளிர் என்பது ஒரு போர்வைக்குள் அடங்கிவிடுகிற சமாச்சாரம். அதனால் பால் ஊற்ற வருகிறவர்களுக்கு அந்த சாக்ஸைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, காஷ்மீருக்கா கெளம்பிட்ட?"

"ஆமா, உன் கல்யாணத்துக்குச் சால்வை எடுத்தாரப் போறேன். மொதல்ல பால ஊத்து. தண்ணிய அப்பறம் ஊத்திக்கலாம்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சாக்ஸுக்குள் அவளுடைய விரல்கள் முதலில் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, உள்ளே யாரோ ஊசி ஏற்றுவதுபோல வலித்துக்கொண்டிருக்கும். இந்த வெயில் பூமியில் பிறந்து, பனி என்றால் படத்தில் மட்டுமே பார்த்த ஒரு பெண்ணின் கை உறைந்துபோனது எப்படி என்று கேட்டால், ஏழு வருடம் ஆன பிறகும் எனக்கு வயிறு எரிகிறது. எரிச்சல் அடங்கட்டும் என்று காத்திருந்தால் இதை எழுதவே முடியாது.

அப்போது அவளுக்குப் பெயர் மாட்டாஸ்பத்திரி பிலோமி. காகிதத்தில் அவள் கால்நடை மருந்தகத்தின் பகுதி நேரத் துப்புரவுப் பணியாளர். காலையில் இரண்டு மணி நேரம் கூட்டித் துடைத்துவிட்டுப் போக வேண்டியவள். ஆனால் 1980-ல் அங்கே விளக்குமாற்றைக் கையில் எடுத்த நாளிலிருந்து ஒரு நாளும் அவள் பொழுது சாய்வதற்குமுன் வீடு திரும்பியதில்லை. முட்டுகிற மாட்டின் கொம்பைப் பிடிப்பவள் அவள். சிக்கிக்கொண்ட கன்றைக் கால்பிடித்து இழுப்பவள் அவள். ஊசியைக் கொதிக்க வைப்பவள், மருந்து எடுத்துத் தருபவள், டாக்டர் இல்லாத நாளில் ஊராரிடம் திட்டு வாங்குபவள் எல்லாம் அவள்தான். ஒன்பது வருடம் இப்படி உழைத்ததற்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. பகுதி நேரக்காரர்களை நிரந்தரம் ஆக்க ஒரு லிஸ்ட் தயாராகிறது என்றார்கள். அந்த லிஸ்டுக்குப் பெயரை எழுதி அனுப்ப வேண்டியவர் மாட்டு டாக்டர் காளீஸ்வரன்.

செவ்வாய்க்கிழமைதோறும் பிலோமிக்கு இன்னொரு வேலை உண்டு. பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய், அங்கே வரும் வண்டியிலிருந்து ஒரு கேனில் திரவ நைட்ரஜன் பிடித்துவர வேண்டும். பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதற்கான காளை விந்தை மெல்லிய குழல்களில் அடைத்து, அந்தத் திரவத்துக்குள்தான் கெடாமல் வைத்திருப்பார்கள். தண்ணீரைப் போல இருக்கும். ஆனால் பனிக்கட்டியைவிட நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி கீழே குளிர்ந்தது. காற்றுப் பட்டால் வெள்ளைப் புகையாக ஆவியாகும்.

மூன்று லிட்டர் கேன். பார்க்கப் பால் கேன் மாதிரியே இருக்கும், கழுத்து மட்டும் ஒல்லி. அதற்கென்று நீளமான ஒரு தக்கை மூடி உண்டு. அது கழுத்தில் இறுக்கமாக உட்காராது, லேசாக ஆடும். உள்ளே ஓயாமல் பொங்குகிற ஆவி வெளியேற வழி வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இதெல்லாம் கேனோடு வந்த ஆங்கிலத் தாளில் அச்சடித்திருந்தது. அந்தத் தாள் காளீஸ்வரனின் மேஜை டிராயருக்குள் இருந்தது.

மூடி உடைந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"சார், மூடி இன்னும் வரலையே சார்."

"எழுதியிருக்கேன் பிலோமி. வரும்."

"எட்டு மாசமாச்சு சார். பஸ்ஸுல எல்லாரும் புகையப் பாத்துப் பயப்படுறாக."

"கேனு நல்லாத்தான இருக்கு? ஏதாவது துணிய வச்சு மூடிக்க. ஒரு மூடிக்காக என் உசுர வாங்காத."

பிலோமியின் அப்பா ஜான்ராஜ் பால்காரர். எம்.ரெட்டியபட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் சைக்கிளில் பால் கொண்டுபோனவர். கேன் வாயில் ஈரச் சாக்குத் துண்டை மடித்துத் திணித்து இறுக்கிவிடுவார். சைக்கிள் எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் ஒரு சொட்டுப் பால் தளும்பாது. சிறுமியாக இருந்தபோது அந்தச் சாக்கை நனைத்து மடித்துக் கொடுத்தது பிலோமிதான். துணியை வைத்து மூடிக்கொள் என்று படித்த டாக்டர் சொன்னதும், அவளுக்குத் தெரிந்த நல்ல வழி அதுதான் நினைவுக்கு வந்தது. ஈரம் உறைந்து கல்லாகும், கல்லானால் ஆவி உள்ளேயே முட்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியவர் சொல்லவில்லை.

1989 மே மாதம், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் படியில் நின்றபடியே அவளை மறித்தார்.

"ஏக்கா, போன வாரம் உன் கேனு விட்ட புகையில ஒரு பெரியவர் சன்னல் வழியா குதிக்கப் போயிட்டாரு. இன்னைக்கும் புகைஞ்சா நடுவழியில எறக்கி விட்ருவேன்."

"புகையாதுண்ணே. நல்லா அடைச்சுக் கொண்டாந்திருக்கேன். பாருங்க."

உண்மையில் புகையவில்லை. ஈரச் சாக்கை இறுகத் திணித்திருந்தாள். கேனைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, அப்பாவின் கைவேலை இத்தனை காலம் கழித்து உதவுகிறதே என்று அவள் மனசுக்குள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

பாதி வழியில் கேனுக்குள்ளிருந்து சீறல் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எம்.ரெட்டியபட்டியில் விசில் ஊதி, கேனோடு அவளை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது.

நிறுத்தத்தில் ஒச்சம்மாளின் டீக்கடை. அதன் நிழலில் கேனை வைத்தாள் பிலோமி. சீறல் நின்றபாடில்லை. சாக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். குளிர்த் தண்ணீரை வெறும் கையால் தொடக்கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். தலைச்சுமைக்கு வைத்திருந்த துணியை வலது கையில் சுற்றிக்கொண்டு சாக்கைப் பிடித்து இழுத்தாள். அது சாக்காகவே இல்லை, கல். திருகினாள். ஒரு கல்லை எடுத்து ஓரத்தில் தட்டினாள். மறுபடியும் திருகினாள்.

புஸ்ஸென்று வெடித்துக்கொண்டு வந்தது. கேனில் இருந்ததில் பாதி அவள் கைமேல் பாய்ந்தது. ஒரு நொடி நெருப்பு பட்டதுபோலச் சுட்டது, அவ்வளவுதான். பிறகு எந்த உணர்ச்சியும் இல்லை. ஆனால் சுற்றியிருந்த துணி அந்தத் திரவத்தைக் குடித்து, விறைத்து, கையோடு ஒட்டிக்கொண்டது. உதறினாள், வரவில்லை. காப்பாற்றச் சுற்றிய துணியே கையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. ஒச்சம்மாள் ஓடிவந்து அதை உரித்து எடுப்பதற்குள் ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டு விரல் வரை நான்கும் மெழுகுவத்தி மாதிரி வெளுத்திருந்தன. கட்டைவிரல் மட்டும் துணிக்கு வெளியே இருந்ததால் தப்பித்தது.

"ஆத்தே, என்னத்தா இது, தட்டுனா மரக்கட்ட மாதிரி சத்தம் கேக்குது. வலிக்குதா?"

"ஒண்ணுமே தெரியலக்கா. கை இருக்கற மாதிரியே இல்ல."

"செத்த இரு. தேச்சு விட்டா ரத்தம் ஓடிரும்."

ஒச்சம்மாள் அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள். பிறகு பாய்லர் கங்குக்குமேல் பிடித்துக் காட்டினாள். உறைந்த சதையைத் தேய்க்கவே கூடாது, நெருப்பில் காட்டக்கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில்தான் மெல்ல இளக்க வேண்டும் என்று டீ ஆற்றுகிற அந்த மனுஷிக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது அன்பினால் செய்த தவறு. என் கோபம் முழுவதும் அரை மணி நேரம் கழித்து, சேதி கேட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர்மேல்.

அதற்குள் கைக்கு உணர்ச்சி திரும்பியிருந்தது. பிலோமி ரோட்டில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தாள். காளீஸ்வரன் கேனைப் பார்த்தார். கீழே கிடந்த உறைந்த சாக்கைப் பார்த்தார். கையைப் பார்த்தார். படித்தவர் அல்லவா, ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. கையைவிடத் தன் நாற்காலிதான் அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது. ஒரு வாடகைக் காரைப் பிடித்து அவளை ஏற்றினார். அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து கார் நிற்காமல் போனது.

"பிலோமி, கவனமா கேளு. வீட்டுல ஸ்டவ்வு வெடிச்சு தீ பட்டுச்சுன்னு சொல்லணும். கேனுன்னு ஒரு வார்த்த வரக்கூடாது."

"ஏன் சார்?"

"கேனுன்னு சொன்னா விசாரணை வரும். நீதான் சாக்க வச்சு அடைச்சன்னு உன் மேலதான் எழுதுவாங்க. லிஸ்ட்டு இந்த மாசம் போகுது. ஒம்பது வருஷத்த ஒரு நிமிசத்துல கெடுத்துக்கப் போறியா?"

வலியில் பற்கள் கிட்டிக்கொள்ள, அவள் தலையை ஆட்டினாள்.

கடைத்தெருவில் ஒரு தனியார் நர்சிங் ஹோம். அங்கே டாக்டர் ராமசுப்பு நல்ல மனிதர்தான். தீப்புண் என்று காளீஸ்வரன் சொன்னார், அவரும் தீப்புண் என்றே எழுதிக்கொண்டார். சீட்டில் அப்படி எழுதிவிட்டால் அடுத்து என்ன செய்வார்கள்? நர்ஸ் ஸ்டெல்லா ஒரு பேசின் நிறைய ஐஸ் கட்டியைக் கொண்டுவந்து தண்ணீரில் போட்டு, பிலோமியின் கையை அதற்குள் அழுத்திப் பிடித்தாள்.

அப்போதுதான் உறைந்து இளகிய கை. அதை மறுபடியும் ஐஸுக்குள். காளீஸ்வரன் கட்டிலுக்கு ஓர் அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கை எதனால் இப்படி ஆனது என்று அந்த அறையில் அவளைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள். "ஐஸ் வேண்டாம்மா" என்று இரண்டு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. பிலோமி துடித்து அவர் முகத்தைப் பார்த்தபோது, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

செய்தி கேட்டு, பாளையம்பட்டியில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் இன்பராஜ் தலையில் பஞ்சுத் தூசியோடு ஓடிவந்தான். வாசலிலேயே ஸ்டெல்லா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் புருசனா? ஸ்டவ்வு அதுவா வெடிச்சுச்சா, இல்ல யாரும் வெடிக்க வச்சாங்களா?"

"அய்யோ சிஸ்டர், நான் தறியில நின்னேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்றீக."

அந்த வருடங்களில் ஸ்டவ் வெடித்து வந்த பெண்களை அந்த நர்ஸ் எத்தனையோ பார்த்திருந்தாள். அவள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. இன்பராஜ் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். நடந்ததை அவள் அவன் காதோடு சொன்ன பிறகும், அந்த வேலைக்காக, அந்த லிஸ்டுக்காக, பொண்டாட்டியைக் கொளுத்தினவன் என்ற பார்வையை எட்டு நாள் அந்த மனுஷன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

கை பூசணிக்காயாக வீங்கியது. கொப்புளம் கிளம்பியது. விரல் அடியில் வந்தவற்றில் தெளிந்த நீர். நுனியில் வந்தவற்றில் கருஞ்சிவப்பு ரத்தம். ஆறாம் நாள் விரல்கள் கறுக்கத் தொடங்கின. எட்டாம் நாள் நான்கும் கரிக்கட்டையாக நின்றன. ராமசுப்பு பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஆழமான தீக்காயம்மா. செத்துப்போச்சு. விட்டு வச்சா கை முழுக்க ஏறிரும். நாளைக்குக் காலையில நாலையும் எடுத்துரலாம்."

வலது கையின் நான்கு விரல்கள். கன்றை இழுத்த விரல்கள். ஆறாம் வகுப்போடு நின்றுபோனாலும் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று ஒன்பது வருடம் பதிவேட்டில் அழகாகக் கையெழுத்துப் போட்ட விரல்கள். பிலோமி அன்று சாப்பிடவில்லை.

மத்தியானம் கட்டு மாற்ற ஒருவர் வந்தார். வீரபத்திரன். ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்து இங்கே கட்டுப் போடுகிறவர். மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் இருந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். துணியைப் பிரித்தவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏத்தா, என்ன ஸ்டவ்வு?"

"மண்ணெண்ண ஸ்டவ்வுண்ணே."

"வெடிச்சதா?"

"ஆமாண்ணே."

"மணிக்கட்டுல இந்த ரப்பர் வளையல் அன்னைக்கும் போட்டிருந்தியா?"

"ஆமாண்ணே."

"அப்ப இது ஏன் உருகல? கையில பூன முடி ஒண்ணுகூடக் கருகலையே, அதென்ன உன் வீட்டுத் தீ மட்டும் முடிக்கு வழி விட்டுட்டுப் போகுதா?"

பிலோமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"லடாக்குல ஏழு வருசம் இந்த மாதிரி கையும் காலும் கட்டியிருக்கேன். இது தீ இல்ல. பனி. இந்த வேகாத வெயில்ல உனக்கு எப்பிடி வந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல."

"பனி சுட்டா என்னண்ணே ஆகும்?"

"நம்ம சதையில பாதிக்கு மேல தண்ணிதான. அது ஊசி ஊசியா உறைஞ்சு கிழிச்சுப்புடும். அதவிட மோசம் சின்ன ரத்தக் குழாய்ங்க. முடியவிட மெல்லிசா விரல் பூராம் ஓடுது. வாய்க்கால்னு வச்சுக்க. உறைஞ்சு உருகுனதும் அந்த வாய்க்கால் கரையெல்லாம் ஓட்டையாயிரும். நீர் வெளிய கசியும், அதுதான் இந்த வீக்கம், கொப்புளம். உள்ள மிஞ்சுன ரத்தம் சேறு மாதிரி கட்டி அடைச்சுக்கும். கண்மாயில தண்ணி இருந்தும் கடைசி வயலுக்குப் போய்ச் சேராது பாரு, அப்பிடி விரல் நுனி காஞ்சு போகும்."

"அப்ப வெட்டித்தான் ஆகணுமா?"

"தீயின்னா வெட்டலாம். பனியின்னா அவசரப்படக்கூடாது. மேல கறுத்து ஓடு மாதிரி இருக்கும், உள்ள உசுரோட இருக்கும். எது செத்துச்சு எது பொழச்சதுன்னு அதுவா கோடு போட்டுப் பிரிய ஒரு மாசத்துக்கு மேல ஆகும். வயல்ல கருகுன பயிர உடனே உழுதுப்புடுவியா? தூர்ல பச்சை இருக்கான்னு பாக்க மாட்ட? என்ன பட்டுச்சுன்னு நீ வாயத் தெறந்து சொன்னாத்தான் நான் டாக்டர்கிட்டப் பேச முடியும். சீட்டுல தீன்னு இருக்கற வரைக்கும் நாளைக்குக் கத்திதான்."

அவள் மனசில் ஓடியது இரண்டே விஷயம். லிஸ்ட். ஒன்பது வருடம். அதுவரை கட்டில் தலைமாட்டில் நின்றிருந்த இன்பராஜ் அப்போது வாயைத் திறந்தான்.

"பிலோமி, பொண்டாட்டியக் கொளுத்துனவன்னு எட்டு நாளாப் பாக்குறாக. அதத் தாங்கிட்டேன். உன் விரல வெட்டி அந்த பேசின்ல போடுறத நான் தாங்க மாட்டேன் புள்ள."

பேசின் என்றதும் அவளுக்கு ஏதோ பொறி தட்டியது.

"அண்ணே, மொத நாளு இதுல ஐஸ் வச்சாக. அது தப்பா?"

வீரபத்திரன் அவளையே பார்த்தார். "ஐஸா? ஏற்கெனவே உறைஞ்சு கிழிஞ்ச குழாய மறுபடியும் ஐஸுக்குள்ளயா வச்சாக? எதிரிக்குக்கூட யாரும் செய்ய மாட்டாகளேத்தா. விசயம் தெரிஞ்சவுக ஒருத்தர்கூடவா பக்கத்துல இல்ல?"

"இருந்தாரு," என்றாள் பிலோமி. "பக்கத்துலதான் நின்னாரு. கடியாரத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு."

அதுவரை அவள் முகத்தில் இருந்தது வலி. அதற்குப் பிறகு இருந்தது வேறு. கேன், உடைந்த மூடி, சாக்கு, கார், லிஸ்ட் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். வீரபத்திரன் எழுந்து நேராக ராமசுப்புவின் அறைக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் காளீஸ்வரன் வந்தார். கையில் ஒரு ஆரஞ்சுப் பழப் பை, டைப் அடித்த ஒரு தாள், ஒரு மைப் பெட்டி.

"ஒண்ணுமில்ல பிலோமி. வீட்டுல நடந்த விபத்துன்னு ஒரு வரி. உனக்கு வலது கை முடியாதுல்ல, எடது கட்டைவெரல்ல மை தொட்டு வச்சுரு. லிஸ்ட்டுல உன் பேரத்தான் மொதல்ல எழுதியிருக்கேன்."

பிலோமி மைப் பெட்டியைப் பார்த்தாள். கத்தவில்லை. சன்னமாகத்தான் பேசினாள்.

"சார், எம் பேருல ஒம்பது வருசமா கையெழுத்துதான் இருக்கு. ஒரு ரேகை இருக்கா? வெரலக் கெடுத்தது போதாதுன்னு இப்ப மை தடவ வந்தீகளா?"

"என்ன பேசுற நீ?"

"ஐஸ் வைக்கையில நீங்க வாயத் தெறக்கல சார். ஒரு மாட்டுக்கு ஊசி மாத்திப் போட்டாக்கூட 'ஏய் நிறுத்து'ன்னு கத்துவீக. நான் கேட்டிருக்கேன். எனக்கு அந்தச் சத்தம்கூட வரலையே. நான் மாட்டவிடக் கேவலமாப் போயிட்டேனா சார்?"

"மெதுவாப் பேசு. லிஸ்ட்ட நெனச்சுக்க."

"எழுதாதீக சார். உங்க கையால எம் பேர எழுதாதீக."

கதவருகே ராமசுப்பு நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. "டாக்டர் காளீஸ்வரன், நீங்களும் மருத்துவம் படிச்சவர். நான் ஐஸ் வைக்கச் சொன்னப்ப நீங்க இங்கதான் இருந்தீங்க. இனிமே என் ஆஸ்பத்திரிக்குள்ள வராதீங்க" என்றார். சீட்டை வாங்கி, தீ என்ற வார்த்தையை அடித்து, மேலே சரியானதை எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பிலோமியிடம் வந்தார்.

"என் தப்பும் இருக்கும்மா, நான் கேட்டிருக்கணும். வெட்டறத நிறுத்தி வைக்கிறேன். ஆனா ஒண்ணு. நாத்தம் வந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்னைக்கே எடுத்துருவேன். மறுபேச்சு பேசக்கூடாது."

"சரிங்க சார்."

அன்று முதல் தினமும் காலையில் கண் விழித்ததும் பிலோமி செய்த முதல் காரியம், தன் கையைத் தானே முகர்ந்து பார்ப்பது. விரலுக்கு விரல் பஞ்சு வைத்து, உலர்வாக, தலையணைமேல் உயர்த்தி வைத்திருப்பார் வீரபத்திரன். அவர் வரும்வரை அவள் காத்திருக்க மாட்டாள். மூக்கருகே கொண்டுபோவாள். மருந்து வாசம் மட்டும்தான் என்றால் இன்பராஜைப் பார்த்துத் தலையசைப்பாள். அவன் தறிக்குக் கிளம்புவான். ஸ்டெல்லா அவனுக்கு ஒரு டம்ளர் காபியை நீட்டுவாள், கண்ணைப் பார்க்காமல். மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. ஆனால் காபி ஒரு நாளும் தவறவில்லை.

நடுவில் ஒரு நாள் சுண்டு விரலிலிருந்து கெட்ட வாசம் வந்தது. பிலோமி அதை மறைக்கவில்லை. அவளே டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். சுண்டு விரல் அடிக் கணுவோடு போனது. மற்ற மூன்றுக்காக அவள் அதைத் தன் வாயாலேயே கொடுத்தாள். அன்று அவள் அழுத அழுகை அந்தக் கட்டடத்துக்கே கேட்டது.

ஏழாவது வாரம், ஒரு காலை. வீரபத்திரன் கட்டைப் பிரித்தபோது ஆள்காட்டி விரலின் கறுப்பு ஓடு அசைந்தது. இடுக்கியால் மெல்லப் பிடித்தார். நிலக்கடலைத் தோடு மாதிரி கழன்று வந்தது. உள்ளே, பிறந்த கன்றின் மூக்கு போல ரோஜா நிறத்தில், ஈரப்பளபளப்போடு ஒரு விரல்.

"மடக்கு பாப்போம்," என்றார்.

அது மடங்கியது.

நடு விரலும் அப்படியே வந்தது. மோதிர விரலுக்கு மட்டும் நகக்கணு போய்விட்டது. பிலோமி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "அண்ணே, அந்தத் தோடுகளத் தூக்கிப் போட்டுறாதீக" என்றாள். பவுடர் டப்பா ஒன்றைக் காலி செய்து, கழன்ற கறுப்பு ஓடுகளை அதில் போட்டு மூடி வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு பேனா கேட்டாள். பிடிக்கப் பத்து நாள் பழகினாள். எழுத்து கோணல்மாணலாக வந்தாலும், நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மருந்தகத்துக்குப் போனாள். லிஸ்ட் போய்விட்டிருந்தது. அவள் பெயர் அதில் இல்லை. வாசலில் வேறொரு பெண் கூட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் கேனை ஏற்ற மறுத்ததிலிருந்து நேராக அங்கேயே வந்துகொண்டிருந்த நைட்ரஜன் வண்டியும் அப்போதுதான் வந்து நின்றது. டிரைவர் அவள் கையைப் பார்த்து, நடந்ததைக் கேட்டுப் பதறினார்.

"மூடி இல்லன்னா என்கிட்டக் கேட்டிருக்கலாமேம்மா. பையில வச்சிருக்கன்னுல நெனச்சேன். வண்டியிலயே பத்து மூடி கெடக்குமே. டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருந்தா அன்னைக்கே தந்திருப்பேன். போன மாசம்தான எழுதிக் குடுத்தாரு, உடனே குடுத்துட்டேன்."

எட்டு மாதம் எழுதியிருக்கேன், எழுதியிருக்கேன் என்ற மனிதர் எழுதவே இல்லை. வண்டிக்குள் பத்து மூடிகள் செவ்வாய்தோறும் அவள் கண்முன்னாலேயே வந்துபோயிருக்கின்றன.

பிலோமி உள்ளே போனாள். காளீஸ்வரன் நாற்காலியில்தான் இருந்தார். மேஜைக்குப் பக்கத்தில் அந்தக் கேன். அதன் கழுத்தில் புத்தம் புது மூடி, லேசாக ஆடிக்கொண்டு. இடுக்கில் மெல்லிய வெள்ளை ஆவி கசிந்துகொண்டிருந்தது.

"என்ன பிலோமி, கை தேவலையா?" என்றார் அவர், எதுவுமே நடக்காததுபோல.

அவள் எழுதிய இரண்டு பக்கத்தை மேஜைமேல் வைத்தாள். "இதுக்கு ஒரு நகல் மதுரை பெரிய ஆபீசுக்குத் தபால்ல போயிருச்சு சார். இது உங்களுக்கு."

அதன்மேல் பவுடர் டப்பாவை வைத்தாள். மூன்று விரலும் ஒரு கட்டைவிரலுமாக, வலது கையாலேயே அதன் மூடியைத் திருகித் திறந்தாள். உள்ளே பார்த்தவரின் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"பயப்படாதீக சார். நாத்தம் இல்ல. நான் தெனமும் மோந்து பாத்துட்டேன்," என்றாள் பிலோமி. "மூடி வந்துச்சுன்னு ஃபைல்ல எழுதுவீகள்ல. அதோட இதையும் சேத்து வைங்க."